தகரத்துக்கு வேர்த்தது

மழை பிடித்தால் எங்கள் வீட்டில் முதலில் எழுந்து நடப்பது தையல் மிஷின்தான். தூரத்தில் இடி உறுமும்போதே என் மனைவி மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். அவள் ஒரு பக்கம் பிடிக்க, நான் ஒரு பக்கம் பிடிக்க, பாதி தைத்த சட்டை ஊசியிலிருந்து தொங்க, அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வைப்போம். அங்கே சொட்டும். கதவுப் பக்கம் வைப்போம். கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு அங்கேயும் சொட்டும். கடைசியில் மிஷினைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, விருந்தாளிக்குக் கட்டிலை விட்டுக்கொடுத்தவர்கள் போல நாங்கள் இரண்டு பேரும் தரையில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்போம். நான் குடோனில் லோடுமேன். பகல் முழுக்க லாரியிலிருந்து மூட்டை இறக்கிவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் அதே வேலை. "அங்கயாவது நடுவுல டீ குடுப்பாங்க" என்று ஒரு தடவை முனகினேன். அவள் கூரைத் தூசியைக் கரைத்துக்கொண்டு பழுப்பாக இறங்கிய தண்ணீரைக் காட்டி, "இங்கயும் வருதே, டம்ளர நீட்டுங்க" என்றாள்.

பழைய கூரையாக இருந்தால் நம் தலையெழுத்து என்று இருந்திருப்போம். பழையது ஒரே இடத்தில்தான் ஒழுகியது. அதற்கு ஒரு பக்கெட் போதும். அந்தப் பக்கெட்டும் அந்த இடமும் கணவன் மனைவி போலப் பழகியிருந்தன. அதைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தகர ஷீட் போட்ட பிறகுதான் பக்கெட், குண்டான், துணி ஊறவைக்கிற தொட்டி என்று வீட்டில் வாயகன்றதெல்லாம் தரைக்கு இறங்கியது.

கான்ட்ராக்டரை நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். அவருடைய வேன் குடோன் வாசலில் நின்றிருந்தது. வயசான பிறகு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன் நான்; போகிற வழியில் உள்ள பலகையை எல்லாம் வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குக் கால் நகரும். வேனின் பக்கவாட்டில் நீலத்தில் பெரிதாக எழுதியிருந்தது: 'ஒரு சொட்டு ஒழுகாது. அதற்கு நாங்கள் பொறுப்பு.' எழுத்தில் இருப்பது பொய்யாக இருக்காது என்று ஒரு நம்பிக்கை. சின்ன வயதிலேயே படித்துவிட்டவர்களுக்கு அந்த நம்பிக்கை சீக்கிரம் தேய்ந்துவிடும் போல. எனக்கு அப்போதுதான் வந்திருந்தது.

மனுஷர் பார்க்க நல்லவர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவார். காதில் பென்சில். என் மனைவியை வாய் நிறைய "தங்கச்சி" என்பார். ஆனால் வெயில் காலத்து மனுஷர். மழை பெய்யும்போது அவர் போன் அணைந்திருக்கும். வானம் வெளுத்து, தரை காய்ந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, கையில் ஓட்டை அடைக்கிற சிலிகான் பசை டியூபோடு வந்து நிற்பார். "எங்க, எங்க?" என்று கேட்டு, காட்டிய இடத்தில் ஏணி போட்டு, பல் விளக்குகிற மாதிரி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு இறங்குவார். அடுத்த மழைக்கு ஒழுகல் அந்த இடத்தைக் காலிசெய்துவிட்டு இரண்டடி தள்ளிக் குடிபோகும். பேசிய பணத்தை முழுசாகக் கொடுத்தாகிவிட்டது. அதனால் அவருக்கும் அவசரமில்லை.

கடைசியாக வந்தபோது ஏணியே போடவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கூரையை நன்றாகப் பார்த்தார்.

"இது ஒழுகலே இல்ல தங்கச்சி. வேர்வை."

"என்னது?"

"தகரம்னா வேர்க்கத்தான் செய்யும். வெளிய குளிர்ச்சி, உள்ள உங்க அடுப்புச் சூடு, மூச்சுச் சூடு. மனுஷனுக்கு வேர்க்கலையா?"

நான் தலையாட்டினேன். மேலிருந்து யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு முதுகைக் கொடுக்கிற தொழில். அவள் ஆட்டவில்லை. வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "எனக்கு வேர்த்தா நெத்தியில நிக்கும்ணே, பக்கெட்டுல நிக்காது" என்றாள். அவர் ரொம்ப நல்ல ஜோக் கேட்டவர் போலச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் வேனில் ஏறினார். அதன் பிறகு வெயிலடித்தாலும் போன் எடுப்பதில்லை.

அவளுடைய அவசரம் அவருக்குத் தெரியாது. என் மனைவி வருஷக்கணக்காக ஒரு துணிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை இடது கை. சட்டையின் இடது கையை மட்டும் தைத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வலது கை அடுத்த மிஷினுக்கு, காலர் அதற்கு அடுத்த மிஷினுக்கு. முழுச் சட்டையை அவள் அங்கே பார்த்ததே கிடையாது. சாப்பிடும்போது கூட இடது தோளை மட்டும் தூக்கிக்கொண்டு உட்காருவாள். அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் மிஷின் போட்டு முதல் சட்டையை முழுதாகத் தைத்து முடித்த அன்று, அதை ஆணியில் மாட்டி, தள்ளி நின்று, பக்கத்தில் வந்து, மறுபடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ வந்து நிற்பது மாதிரி இருந்தது அந்தச் சட்டை. இப்போது ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து நர்சுகளுக்கு உடுப்பு தைக்கக் கேட்டிருந்தார்கள். இடம் பார்க்க வந்த அம்மாள் மிஷினைப் பார்த்தாள், தையலைப் பார்த்தாள், முகம் மலர்ந்தாள். பிறகு சுவரில் இறங்கியிருந்த பழுப்புக் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வெள்ளைத் துணிம்மா. மழைக்கு முன்னால இதச் சரிபண்ணுங்க. இல்லைன்னா நான் வேற ஆளப் பாக்கணும்."

கம்பெனியிலிருந்து பழைய சூப்பர்வைசர் இன்னும் ஆள் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் போன பிறகு என் மனைவி இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொள்வதைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாடி உண்டு. எங்கள் கூரையின் உயர்ந்த பக்கம் அவர்கள் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருக்கும். அவர்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தால் எங்கள் தகரம் கீழே சரிந்து கிடப்பது முழுசாகத் தெரியும். அக்கா மாடியில் துணி துவைக்கிற இடத்துக்கு ஒரு ஷீட் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்தான் வழி சொன்னார்.

"நீ கூப்பிட்டா வரமாட்டான்டி. புது வேலைன்னு நான் கூப்பிட்டா பறந்து வருவான். வந்ததும், உன் வேலையக் காட்டுப்பான்னு சொல்லி உன் வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்."

"வெயில்லதான் வருவார்க்கா. வெயில்ல என்னத்தக் காட்ட?"

"அதுக்கு நான் என்ன பண்ண, மழையையா வரவழைக்க முடியும்?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒரு மூட்டையை எங்கே வைக்கலாம் என்று நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை.

விடுமுறை நாள் காலையில் குடோன் ஆட்களில் பாதிப் பேர் அக்கா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நெட்டை என்று நாங்கள் கூப்பிடுகிறவன் ஒரு பழைய பெயிண்ட் பக்கெட்டை எடுத்து, அடிப்பாகம் முழுக்க ஆணியால் ஓட்டை போட்டிருந்தான். அதில் தண்ணீரை ஊற்றிப் பிடித்தால் பூவாளி போலப் பிசிறில்லாமல் விழுந்தது. "மழை ரெடி அண்ணி. தூறலா வேணுமா, அடைமழையா?" என்றான். எங்களில் மூத்தவருக்கு மேனேஜர் என்று பட்டப்பெயர். தூக்குவது கொஞ்சம், உத்தரவு நிறைய. அவரை எங்கள் வாசலில் நிறுத்தினோம், உள்ளே நடப்பதை மேலே இருக்கிறவர்களுக்குச் சொல்ல. அதற்கு அவரை விட்டால் ஆளில்லை.

கான்ட்ராக்டர் வந்தார். வானத்தில் துணுக்கு மேகம் கூட இல்லை. எங்கள் வாசலில் அக்காவோடு நின்று அவர் பேசுவது எனக்கு மொட்டைமாடி வரை கேட்டது.

"பாருங்கம்மா, நம்ம வேலைதான். என்ன ஒரு நேர்த்தி!"

"இவங்க ஒழுகுதுங்கறாங்களேப்பா?"

"ஒழுகலைம்மா, வேர்க்குது. சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லல. ஒரு சொட்டு ஒழுகட்டும், மொத்தத்தையும் பிரிச்சு என் கைக்காசுல திருப்பிப் போட்டுத் தரேன்."

"உக்காருங்கண்ணே" என்றாள் என் மனைவி. நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி. அதை அறையின் நடுவில் போட்டிருப்பாள்.

"எதுக்குத் தங்கச்சி?"

"மழை வருது."

"எங்க? வெளிய வெயில் கொளுத்துது!"

"வரும். உக்காருங்க."

படிக்கட்டில் நெட்டை தும்மினான். பக்கத்தில் இருந்தவன் அவன் வாயைப் பொத்தினான்.

லாரி இறக்கும்போது நாங்கள் நடப்பதில்லை. நின்ற இடத்தில் நிற்போம்; சரக்குதான் நடக்கும். ஒருவன் இடுப்பைத் திருப்பி வாங்கி, மறுபக்கம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பான். அப்படித்தான் அக்கா வீட்டு முற்றத்துக் குழாயிலிருந்து படிக்கட்டு வழியாக மொட்டைமாடிக்கு வரிசை கட்டினோம். பக்கெட் ஏறும், காலிப் பக்கெட் இறங்கும். உச்சியில் நான். ஓட்டைப் பக்கெட்டை நெட்டை நீண்ட கையால் கூரைக்கு மேல் பிடித்துக்கொள்ள, நான் வாங்கி வாங்கி அதில் கவிழ்த்தேன். விடுமுறை நாளில் என் முதுகு அதன் உரிமையைக் கேட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆயுசு பூராவும் தூக்கியது அடுத்தவன் சரக்கு. என் வீட்டுக்கென்று ஒரு லோடு அன்றைக்குத்தான் வந்தது. மழை லோடு.

தகரத்தில் தண்ணீர் பட்டதும் சடசடவென்று அப்படியொரு சத்தம். தெருவில் போன ஒருவர் குடையைத் தேடினார்.

"என்ன இது?" கான்ட்ராக்டர் குரல்.

"மழைண்ணே."

"சும்மா குடம் குடமா ஊத்தினா நான் ஒத்துக்க மாட்டேன், ஆமா! மழை மாதிரி விழணும்!"

"வெளிய வந்து பாத்துட்டுப் போய் உக்காருங்க" என்றார் மேனேஜர் மரியாதையாக. கான்ட்ராக்டர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். நெட்டை பக்கெட்டை ஆட்டி ஆட்டி ஊஞ்சல் போல வீசிக் காட்டினான். வெயிலில் தண்ணீர் நூல் நூலாக மின்னியது. வேலை தெரிந்தவரல்லவா, அவராலேயே குறை சொல்ல முடியவில்லை. "ம்" என்று உள்ளே போனார்.

தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே சத்தமில்லை. வரிசையில் பக்கெட்டுகள் மட்டும் ஏறின. ஒருவேளை ஒழுகாமலே இருந்துவிட்டால்? கடைசியாகப் பூசிய பசை உண்மையிலேயே பிடித்துக்கொண்டிருந்தால்? இந்த வீடு ஒழுக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்று ஒரு நாள்தான்.

"விழுந்துடுச்சு!" மேனேஜர் கத்தினார். "தோள்ல! ஒண்ணு! அண்ணன் நாற்காலிய நகத்துறாரு... அங்கயும் விழுந்துடுச்சு! உச்சந்தலை!"

வரிசை முழுக்க ஹோ என்று ஒரு சத்தம் படிக்கட்டில் ஏறி வந்தது.

"வேர்க்குதுங்க" என்று கான்ட்ராக்டர் சொல்வது கேட்டது. குரலில் பாதிதான் இருந்தது. "சூட்டுத் தகரத்துல குளிர்ந்த தண்ணி பட்டா..."

"வேர்வைன்னா உப்புக் கரிக்கும்ணே" என்றாள் என் மனைவி. "நாக்குல வச்சுப் பாருங்க."

நான் கையை நிறுத்திவிட்டேன். நெட்டையும் நிறுத்திவிட்டான். தகரத்தில் கடைசித் தண்ணீர் வழிந்து போகிற சத்தம் மட்டும். பிறகு அக்காவின் குரல்: "என்னப்பா, ருசி எப்படி?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எல்லாம் இந்தத் தங்கச்சி பண்ணது! ஷீட்டு போட வந்த அன்னிக்கு, மிஷின் மேல வெயில் படுது, மேல் பக்கத்துல முதல்ல போடுங்கன்னு சொன்னது யாரு? கீழ இருந்து ஏறினாத்தான் மேல் ஷீட்டு கீழ் ஷீட்டுக்கு மேல உக்காரும். இவங்க சொன்னாங்கன்னு பசங்க மேல இருந்து இறங்கிட்டு வந்து, கீழ் ஷீட்ட மேல ஏத்தி விட்டுட்டானுங்க. அப்புறம் தண்ணி இடுக்குல இறங்காம எங்க போகும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். நான் கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்த கூரைதான். இப்போது தெரிந்தது. ஒவ்வொரு ஷீட்டின் கீழ் விளிம்பும் அடுத்ததற்கு அடியில் போய் ஒளிந்திருந்தது. மழைக்கோட்டைப் பூட்ஸுக்குள் சொருகிக்கொண்டு நடக்கிறவன் மாதிரி எங்கள் வீடு மழையையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் மிஷினுக்கு நிழல் கேட்டது உண்மைதான். எனக்கும் நினைவிருந்தது. பையன்கள் சரி என்று தலையாட்டிவிட்டு மேல் பக்கத்தில் தொடங்கியதும் நினைவிருந்தது. கான்ட்ராக்டர் அன்று ஏணியில் ஏறவேயில்லை.

கீழே என் மனைவி மெதுவாகத்தான் பேசினாள். தகரம் ஒரு வார்த்தை விடாமல் மேலே கொண்டுவந்தது.

"எங்க ஆரம்பிக்கணும்னு சொன்னேன்ணே. எது மேல எது ஏறணும்னுமா சொன்னேன்? நானும் தைக்கறவதான். கைய முதல்ல தைங்கம்பாங்க, கழுத்த முதல்ல காட்டுங்கம்பாங்க. எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில சட்டை சட்டையாத்தான் வரணும். இடுப்புல கழுத்து வந்துட்டு, நீங்கதான கழுத்த முதல்ல கேட்டீங்கன்னு நான் சொல்ல முடியுமா?"

அவர் வாசலுக்கு வந்தார். சட்டைத் தோள் பழுப்பாக நனைந்திருந்தது. அவருக்கு எதிரில் அவருடைய வேனே நின்றிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, பலகையைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத அந்தப் பழக்கம்தான், மொட்டைமாடியில் நின்று எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். "ஒ-ரு சொட்-டு ஒ-ழு-கா-து." மூச்சு வாங்கிக்கொண்டு, "அ-தற்-கு நாங்-கள் பொ-றுப்-பு." படிக்கட்டு வரிசை பக்கெட்டுகளைத் தட்டியது. அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி காதிலேயே வைத்தார்.

"பிரிச்சுடறேன்ப்பா" என்றார். "நாளைக்கே."

நாளைக்கே வந்தார். இந்த முறை அவரே மேலே ஏறினார். ஒவ்வொரு ஷீட்டாகக் கழற்றும்போது பையன்களை அவர் திட்டிய திட்டில் பாதி தனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது. ஆணி ஓட்டை அகன்றுபோன ஷீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது இறக்கினார். குடோனிலிருந்து நான் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. நான்கு சுவருக்கு நடுவில், திறந்த வானத்துக்குக் கீழே, என் மனைவி மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். மேலே இரும்புச் சட்டத்தில் நின்றுகொண்டு அவர், "தங்கச்சி, எந்தப் பக்கத்துல ஆரம்பிக்கட்டும்?" என்றார். அவள் தலை நிமிராமல், "சட்டையா வந்தா சரிண்ணே" என்றாள். அவள் சிரிப்பு சுவருக்கு வெளியே தெரு வரை வந்தது. கீழிருந்து மேலாக அவர்கள் ஏறினார்கள்.

வெள்ளைத் துணிக் கட்டு வந்து இறங்கிய வாரமே மழையும் வந்தது. சாயங்காலம், விளக்குப் போடுகிற நேரம். இடி உறுமியதும் என் கை தானாக மிஷினைப் பிடிக்கப் போனது. அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. "விடுங்க" என்றாள். பக்கெட்டையும் குண்டானையும் மட்டும் பழக்கதோஷத்தில் நான் பரப்பி வைத்தேன். மழை தகரத்தில் இறங்கி அடித்தது. பேச்சுக் கேட்காத அளவுக்கு அடித்தது. கூரையைப் பார்ப்பதும் பக்கெட்டைப் பார்ப்பதுமாக நான் நின்றுகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

கான்ட்ராக்டர். குடை பிடித்தும் முழங்கால் வரை நனைந்திருந்தார். மழையில் அவரை நான் பார்த்ததே இல்லை. வேறு யாரோ போலிருந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். என் மனைவி அந்த நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். அறையின் நடுவில், அதே இடத்தில் அவர் உட்கார்ந்தார். மடக்கிய குடையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் தைத்துக்கொண்டே பார்த்தாள். வெள்ளைத் துணி ஊசிக்குக் கீழே ஓடிக்கொண்டே இருந்தது.

டப், என்றது.

மூன்று பேரும் அசையவில்லை. மறுபடியும், டப். அவர் முகம் வெளுத்து மெதுவாகக் கீழே குனிந்தது. அவருடைய குடையின் நுனியிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, தரையில் விழுந்தது.

என் மனைவி மிதிப்பதை நிறுத்தாமல், இன்னொரு காலால் காலிப் பக்கெட்டை அவருடைய குடைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.